நாங்கிவேல் வம்சம்

ஜனவரி 8, ஞாயிறு

இந்த டைரி பள்ளிக்கூடத்தில் கிறிஸ்துமஸுக்குக் கொடுத்தது. சமையலறையில் வேலை செய்யும் நாலு பேருக்கும் ஒரே நீல அட்டை. கோலார் தங்கவயலில் டீச்சராக இருந்தபோது பாடக்குறிப்பு எழுதியதோடு சரி, இங்கிலாந்தில் எக்ஸிட்டருக்கு வந்தபின் மளிகைச் சாமான் தவிர எதையும் நான் எழுதியதில்லை. இன்று எழுதவேண்டும் போலிருக்கிறது.

அண்ணனுக்கு என்ன நோய் என்று தெரிந்துவிட்டது. அம்மா அண்ணனைக் கூட்டிக்கொண்டு பெங்களூர் போயிருந்தாள். டாக்டர் சொன்னது அவளுக்கு விளங்காமல் போனை அவரிடமே கொடுத்துவிட்டாள். ஹன்டிங்டன் என்றார். மூளையில் வருவது. கை கால் தன்னால் ஆடும், பேச்சு குழறும், காரணமில்லாமல் கோபம் வரும், போகப்போகப் புத்தியும் தடுமாறும். குணமாக்க மருந்தில்லை. ஐம்பது வயது அல்போன்ஸ் அண்ணனுக்கு. இரண்டு வருஷமாகக் கழுத்து எலும்புத் தேய்மானம் என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தோம்.

என் வீட்டுக்காரர் பெனடிக்ட் இங்கே ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பிரிவில் இருக்கிறார். நோயின் பெயரைச் சொன்னதும் டிவியை நிறுத்தினார்.

"அது பரம்பரையா வர்றதாச்சே, செசி. உங்க வீட்ல யாருக்கு இருந்துச்சு?"

"யாருக்கும் இல்ல. டாக்டர் கேட்டதுக்கு அம்மாவும் அப்படித்தான் சொன்னாங்களாம்."

"அப்படி இருக்காதே. அப்பா அம்மா ரெண்டு பேர்ல ஒருத்தர்கிட்ட இருந்தாதான் பிள்ளைக்கு வரும். பாதிக்குப் பாதி."

பிறகு அவர் டிவியைப் போடவேயில்லை.

அண்ணன் மகள் பிரிசில்லாவுக்கு ஏப்ரல் 26 கல்யாணம். நவம்பரில் நிச்சயம் முடிந்துவிட்டது. அப்பாவுக்கு நரம்புத் தளர்ச்சி என்று அவளிடம் சொல்லியிருக்கிறார்களாம். தாயில்லாத பெண். கொரோனாவில் அண்ணி போனதிலிருந்து அந்த வீட்டை அவள்தான் தாங்குகிறாள்.

ஜனவரி 12

பள்ளிக்கூடத்தில் சூப் கிண்ணம் ஒன்று கை நழுவி உடைந்தது. பாத்திரம் கழுவுகிற சோப்பை மாற்றியிருக்கிறார்கள், ரொம்ப வழுக்குகிறது.

ஜனவரி 15, ஞாயிறு

அம்மாவிடம் மறுபடி கேட்டேன்.

"அப்பா வழியில யாருக்காவது கை கால் ஆடுற மாதிரி…"

"நீயும் ஆரம்பிச்சிட்டியா? உங்க அப்பா குடிச்சிக் குடிச்சி செத்தாரு. ஊருக்கே தெரியும். அவங்க அப்பா சுரங்கத்துல பாற வெடிச்சி செத்தாரு, முப்பத்தோரு வயசுல. கை கால் ஆடுறதுக்கு அவருக்கு எங்க நேரம் இருந்துச்சி?"

"அவருக்கும் முன்னாடி?"

அம்மா எழுந்துபோய்க் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"அவருக்கு முன்னாடி வெள்ளக்காரன்."

அப்பாவின் தாத்தா சுரங்க வேலைக்குக் கப்பலேறி வந்த இங்கிலீஷ்காரனாம். ஆரோக்கியமேரி என்ற எங்கள் ஜனத்துப் பெண்ணோடு குடும்பம் நடத்தியிருக்கிறான். ஒரு பையன் பிறந்தான். சீக்கிரம் திரும்பி வருகிறேன் என்று ஊருக்குப் போனவன் வரவேயில்லை. அவள் சாகும்வரை தெருவில் பேசியிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் அந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது என்று தாத்தா காலத்திலேயே முடிவாகிவிட்டது.

"அவன் பேர் என்னம்மா?"

"இன்னாத்துக்குக் கேக்குற? நம்ம பேர்தான். நாங்கிவேல்."

நாற்பத்தாறு வருஷமாகச் சுமக்கிற பெயர். செசிலியா நாங்கிவேல். பள்ளிக்கூடத்தில் தமிழ் ஐயா, "கிறிஸ்தவப் பிள்ளைக்கு வேல் எங்கிருந்து வந்தது?" என்று கேலி செய்வார். முருக பக்தர் யாரோ முன்னோரில் இருந்து மதம் மாறியிருப்பார் என்று நானே சொல்லிக்கொண்டிருந்தேன். கூகுளில் போட்டுப் பார்த்தேன். நான்கிவெல். இங்கிருந்து மேற்கே ரயிலில் போனால் வரும் கார்ன்வால் மாவட்டத்துப் பெயர். அங்கே தகரச் சுரங்கங்கள் மூடியபோது ஆட்கள் தங்கவயலுக்கு வந்திருக்கிறார்கள்.

பதினோரு வருஷமாக இந்தப் பக்கத்தில்தான் குடியிருக்கிறேன்.

ஜனவரி 22, ஞாயிறு

வம்சாவளி தயார் செய்வதாகப் பிரிசில்லாவிடம் சொன்னேன். ஏன் என்று சொல்லவில்லை.

"ஃபேமிலி ட்ரீயா? செம, அத்தை! நான் இன்னா பண்ணணும் சொல்லுங்க."

தினமும் விடியற்காலை ரயிலில் பெங்களூர் வேலைக்குப் போய் இருட்டியபின் திரும்புகிற பெண். இன்று ஒருநாள்தான் லீவு. பூசை முடிந்ததும் பங்குச் சாமியாரைப் பிடித்துப் பழைய ஞானஸ்நானப் புத்தகத்தைத் திறக்க வைத்து, பக்கத்தைப் படமெடுத்து அனுப்பிவிட்டாள். 1912. அந்தோணி. தகப்பன் வில்லியம் நான்கிவெல், சுரங்க மேஸ்திரி, கார்ன்வாலில் செயின்ட் கெரன் ஊர். தாய் ஆரோக்கியமேரி.

"அப்ப நாம வெள்ளக்காரங்களா அத்தை? அதான் எனக்கு வெயிலே ஆவறதில்ல!"

அவள் சிரித்தபோது நானும் சிரித்தேன். கல்யாணப் புடவை மெரூனா சந்தன நிறமா என்று கேட்டாள். சந்தனம் என்றேன்.

ஜனவரி 29

நகர நூலகத்துக் கம்ப்யூட்டரில் நாள் முழுக்க. இங்கே பத்து வருஷத்துக்கு ஒருமுறை வீடு வீடாகப் போய், யார் குடும்பத் தலைவர், என்ன வயது, என்ன தொழில், எந்த ஊரில் பிறந்தார் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். கார்ன்வாலில் வில்லியம் நான்கிவெல் என்று மூன்று பேர். ஒருவனை மதியம்வரை துரத்தினேன், அவன் பதினாறு வயதில் கடலில் மூழ்கிப் போயிருந்தான். யாரோ ஒருவன். ஆனாலும் வருத்தமாக இருந்தது.

பிப்ரவரி 4, சனி

ரயிலேறிப் போய் கார்ன்வால் ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தேன். வரிசையாக எழுதி வைக்கிறேன், இல்லாவிட்டால் குழம்பிவிடும்.

1881 கணக்கெடுப்பு, செயின்ட் கெரன். ஜான் நான்கிவெல், 36, தகரச் சுரங்கத் தொழிலாளி. மனைவி கிரேஸ். மகன் வில்லியம், 5. மகன் தாமஸ், 2. இந்த வில்லியம்தான் எங்கள் ஆள். வயதும் ஊரும் பொருந்துகிறது.

அந்தத் தாளில் கடைசியாக ஒரு கட்டம் உண்டு. வீட்டில் யாராவது செவிடா, குருடா, மந்தபுத்தியா, பைத்தியமா என்று குறிப்பதற்கு. 1881இல் அந்தக் கட்டம் காலி.

1891. அதே வீடு. ஜான், 46, 'முன்னாள் சுரங்கத் தொழிலாளி'. கடைசிக் கட்டத்தில் சாய்வெழுத்தில் 'மந்தபுத்தி'. பதினைந்து வயது வில்லியம் சுரங்கத்தில் இறங்கிவிட்டான். வேறு யார் சம்பாதிப்பது?

கோயில் அடக்கப் பதிவேட்டில் ஜான், வயது 49. அவனுடைய தாய் எலிசபெத், வயது 44. அவள் பெயருக்குப் பக்கத்தில் அந்தக் காலத்துப் பாதிரியார் பொடியாக எழுதியிருக்கிறார்: 'ஆட்ட நோயால் பல்லாண்டு துன்புற்றவள்.'

கடைசியாக 1921. எங்கள் வில்லியம். முகவரி, மாவட்ட மனநோய்க் காப்பகம். வயது 45. தொழில், தங்கச் சுரங்கம், மைசூர். தங்கவயல் அப்போது மைசூர் சமஸ்தானம்.

திரும்பி வராமல் போனவன் இங்கேதான் இருந்திருக்கிறான்.

மூன்று தலைமுறை. நாலாவது அந்தோணி தாத்தா, நோய் வருகிற வயதுக்கு முன்னால் பாறை வெடித்துச் செத்தார். ஐந்தாவது அப்பா. ஆனால் அப்பாவுக்குக் குடி. அங்கேதான் இடிக்கிறது.

திரும்பும்போது ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்தவர் வேறு இருக்கைக்கு மாறிப் போனார். என் கால் அவர் காலில் இரண்டு மூன்று தடவை பட்டுவிட்டது. இடம் அவ்வளவு நெருக்கம்.

பிப்ரவரி 6

காலையில் பஸ்ஸில் ஏறும்போது தடுமாறினேன். டிரைவர், "இவ்வளவு காலையிலேயே ஆரம்பிச்சாச்சா?" என்று கண்ணடித்தான். நம் நிறத்தைப் பார்த்தால் சிலருக்கு இளக்காரம்.

பிப்ரவரி 12, ஞாயிறு

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஜான், எலிசபெத், வில்லியம் எல்லாரையும். ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"அம்மா, அப்பா நெஜமாவே குடிச்சாரா?"

"வேலைய விட்டு எடுத்தாங்களே, இன்னான்னு எடுத்தாங்க?"

அப்பா சுரங்கத்தில் கூண்டு இன்ஜின் டிரைவர். ஆட்களை ஆயிரக்கணக்கான அடி பூமிக்குள் இறக்கி ஏற்றுகிற வேலை. கை நடுங்கியது, கூண்டு அதிர்ந்தது, குடிபோதை என்று எழுதி வெளியே அனுப்பினார்கள். அப்போது எனக்கு எட்டு வயது.

"அவங்க சொன்னது இருக்கட்டும். நீ பாத்தியா?"

அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "தெனமும் அவர் தூங்கினப்புறம் வாயை மோந்து பாப்பேன். ஒரு நாளும் வாசன வந்ததில்ல. வாசனயில்லாத சரக்கு இருக்குதுன்னு பக்கத்து வீட்டுக்காரி சொன்னா. அதையே நம்பிகினேன். வேற இன்னாத்த நம்புறது? தெருவுல நடந்தா ஆடி ஆடி நடக்கறாரு. தட்டத் தூக்கி எறியறாரு. சத்தியமா குடிக்கல மேரின்னு அழுவாரு. நான் தொடப்பத்தால அடிச்சிருக்கிறேன்டி."

அம்மா அழுது நான் கேட்டதில்லை. அப்பா செத்தபோதும் அழாதவள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு வேறு குரலில் சொன்னாள்.

"இது ஒண்ணும் பிரிசில்லாவுக்குத் தெரியக் கூடாது. கல்யாணம் முடியட்டும். தெரிஞ்சா அந்தப் பையன் வீட்ல நிப்பாங்களா? எவன் வீட்ல நிப்பான்?"

பிப்ரவரி 20

அரைப்பருவ விடுமுறை முடிந்து பள்ளி திறந்தது. சமையலறை மேலாளர் என்னைப் பரிமாறுகிற இடத்திலிருந்து எடுத்து, பட்டாணியும் ரொட்டியும் பிரித்து வைக்கிற மேசையில் போட்டுவிட்டார். உட்கார்ந்தே செய்யலாம், உனக்கு வசதி என்கிறார். நான் வசதி கேட்கவேயில்லை.

பிப்ரவரி 26, ஞாயிறு

செயின்ட் கெரன் கோயிலுக்குக் கடிதம் போட்டிருந்தேன், நான்கிவெல் கல்லறைகள் இருக்கின்றனவா என்று. 'இந்த ஊரில் மிச்சமிருக்கும் கடைசி நான்கிவெல் நான்தான். நேரில் வாருங்கள்' என்று பதில் வந்தது. மோர்வென்னா. வயது அறுபத்தேழு. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். வில்லியமின் தம்பி தாமஸின் பேத்தி.

ஸ்டேஷனுக்கே காரில் வந்துவிட்டார். அந்த ஊர் வழக்கப்படி என்னை 'மை லவர்' என்று கூப்பிட்டார், பெட்டிக் கடைக்காரரையும் அப்படித்தான் கூப்பிட்டார். கல்லறைகளைக் காட்டினார். மழையில் எழுத்து கரைந்துவிட்டது. புல்லில் இரண்டு தடவை வழுக்கினேன், கையைப் பிடித்துக்கொண்டார்.

வீட்டில் கணப்புக்கு எதிரே உட்கார்ந்து என் பிரிண்ட்களை எல்லாம் காட்டினேன். அவர் தாளைப் பார்க்கவேயில்லை. என் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். என் ஷூ நனைந்து கம்பளத்தில் சேறாகிவிட்டதோ என்று உள்ளே இழுத்துக்கொண்டேன்.

"எங்க வீட்டிலயும் அதேதான்," என்றார். "எங்க அப்பா. அப்புறம் என் தம்பி டேவி. நாலு வருஷத்துக்கு முன்னால போனான். நான்தான் வைத்துப் பார்த்தேன்."

"உங்களுக்கு?"

"ரத்தம் கொடுத்துப் பார்த்துட்டேன். எனக்கு இல்லை. தப்பிச்சுட்டேன்." அதைச் சொல்லும்போது முகம் சந்தோஷமாக இல்லை. "டேவி வாழ்த்துச் சொன்னான். அன்னைக்கு அவன் கையால ஸ்பூன் பிடிக்க முடியல."

டீ கொண்டுவந்தார். அவர் கோப்பை நிறைய இருந்தது. எனக்குப் பெரிய கனமான கோப்பையில் பாதிதான் ஊற்றியிருந்தார். ஏன் என்று தெரியவில்லை. கேட்பதும் மரியாதையில்லை.

ஆரோக்கியமேரியைப் பற்றிச் சொன்னேன். பெயரை மெதுவாகத் திரும்பச் சொல்லச் சொன்னார்.

"எப்படிக் கூப்பிடுவாங்க? முழுப் பேரையுமா?"

"ஆரோக்கி என்று கூப்பிடுவார்கள்."

டீயைக் கீழே வைத்துவிட்டார். "எங்க தாத்தா தாமஸ் மாசம் ஒருமுறை அண்ணனைப் பார்க்கக் காப்பகத்துக்குப் போவாராம். கடைசியில் வில்லியமுக்குப் பேச்சே போயிடுச்சு. ஒரே ஒரு வார்த்தை மட்டும் இருந்துச்சாம். ரோக்கி, ரோக்கி. சுரங்கத்துக்காரன், பாறையைச் சொல்றான்னு நினைச்சாங்க. எங்க வீட்டில் அதை ஒரு தமாஷ் மாதிரி சொல்வாங்க."

எங்கள் ஊரில் அவளை ஏமாந்தவள் என்றார்கள். அவள் பேரன் பெண்டாட்டி வரைக்கும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

கிளம்பும்போது மோர்வென்னா என் கையை விடவில்லை. "உன் அண்ணனுக்குத் தெரியும். அண்ணன் மகளுக்குத் தெரியாது. சரி. நீ, மை லவர்?"

"நான் அண்ணனுக்காகத்தான் வந்தேன்," என்றேன்.

"தெரியும்," என்றார்.

மார்ச் 1

மோர்வென்னாவைப் பற்றிப் பெனடிக்டிடம் சொன்னேன். எல்லாவற்றையும் சொல்லவில்லை.

மார்ச் 11, சனி

ரசத்தில் உப்பு அதிகம் என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் பாத்திரத்தோடு தொட்டியில் கவிழ்த்துவிட்டுக் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுத மாட்டேன். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

பெனடிக்ட் தரையில் தெறித்ததைத் துடைத்தார். அவர் தவறு செய்தவர் மாதிரி மண்டியிட்டுத் துடைத்தார். அப்போதுதான் கவனித்தேன், மாடிப்படிக் கம்பளத்தை எடுத்துவிட்டார், இரண்டாவது கைப்பிடி ஒன்றும் அடித்திருக்கிறார். எப்போது அடித்தார் என்றே தெரியவில்லை.

"எதுக்குங்க இது?"

"எனக்கு முழங்கால் வலி," என்றார்.

அவர் மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறுகிறவர்.

எங்களுக்குக் குழந்தை இல்லை. பத்து வருஷம் வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டேன். நேற்று முதல்முறையாக அதற்காக மாதாவுக்கு நன்றி…

மார்ச் 19, ஞாயிறு

பிரிசில்லா போன் செய்தாள். வம்சாவளியைப் பெரிதாக அச்சடித்து ரிசப்ஷனில் வாசலில் மாட்டப்போகிறாளாம். மாப்பிள்ளை ஜோயலுக்கும் பிடித்துவிட்டதாம். "ஒவ்வொருத்தர் பேருக்குக் கீழயும் எப்படி செத்தாங்கன்னு போடாதீங்க அத்தை, நல்லா இருக்காது. தொழில் போடுங்க போதும்."

மோர்வென்னாவுக்குப் போன் செய்தேன். சொல்லலாமா வேண்டாமா என்று கேட்டேன். கல்யாணம் நின்றுவிடும் என்றேன். எங்கள் ஜனம் எப்படி என்று விளக்கினேன்.

"டேவிக்கு முப்பது வயசில், இது பரம்பரைன்னு எங்க அம்மா சொல்லல. தெரிஞ்சா வாழ்க்கையே போயிடும்னு நினைச்சாங்க," என்றார். "அவனுக்கு ரெண்டு பிள்ளைங்க. அவன் சாகிற வரைக்கும் அம்மா முகத்தைப் பார்க்கல. நான் உனக்கு வழி சொல்லல. நடந்ததைச் சொல்றேன்."

ஏப்ரல் 2, குருத்தோலை ஞாயிறு, தங்கவயல்

ஈஸ்டர் லீவுக்கு வந்துவிட்டேன். பெனடிக்ட் கல்யாணத்துக்கு முதல் வாரம் வருவதாக ஏற்பாடு. என்னைத் தனியாக விட அவருக்கு மனசேயில்லை, ஏர்போர்ட்டில் சக்கர நாற்காலி வேண்டுமா என்று கேட்டார். சண்டை போட்டுவிட்டு வந்தேன்.

அண்ணனைப் பார்த்தேன். போனில் முகம் மட்டும்தான் காட்டியிருக்கிறார்கள். நாற்காலியில் உட்கார்ந்திருந்தான், உட்கார்ந்த இடத்திலேயே தோளும் கையும் யாரோ கயிறு கட்டி இழுப்பது போலப் போய்க்கொண்டிருந்தன. மெலிந்து பாதியாகிவிட்டான். என்னைப் பார்த்ததும் சிரித்தான். சிரிப்பு மட்டும் பழையது.

அம்மா கோயிலுக்குப் போனதும் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். "அண்ணா, அப்பா குடிக்கல. உனக்கு இருக்கிறதுதான் அவருக்கும்."

அவனுக்கு வார்த்தை வர நேரமாகிறது. காத்திருந்தேன்.

"தெரியும்," என்றான். "டாக்டர் சொன்ன… அன்னிக்கே. நான் நடக்கறது… அப்பா நடை." பிறகு வாயைக் கோணிக்கொண்டு அழுதான். "பசங்க கல்லு… எறிவாங்க செசி. அப்பா மேல. நானும் அவங்களோட… நின்னுகினு இருந்தேன். அவரு என் அப்பா இல்லன்ற மாதிரி."

தலையைப் பிடித்து என் மடியில் வைத்துக்கொண்டேன். நானும் ஆடினேன், அவனும் ஆடினான்.

கொஞ்சம் அடங்கியதும் என் முந்தானையைப் பிடித்து இழுத்தான். "பாப்பாவுக்குச் சொல்லு. அம்மா… விட மாட்டாங்க. எனக்கு வாய்… வரல. நீ சொல்லு."

ஏப்ரல் 4, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

பிரிசில்லா லீவு போட்டிருந்தாள். அவள் ஸ்கூட்டரில் சயனைடு மண்மேட்டுக்குப் போனோம், சுரங்கத்தில் அரைத்துக் கொட்டிய மண் மலை மாதிரி நிற்கிற இடம். வீட்டில் பேச முடியாது, அம்மாவுக்குக் காது இன்னும் நன்றாகக் கேட்கும்.

நோயின் பெயர், வம்சம், பாதிக்குப் பாதி. எல்லாம் சொன்னேன். ரத்தப் பரிசோதனை செய்துகொள்வதும் செய்துகொள்ளாததும் அவள் இஷ்டம் என்றும் சொன்னேன்.

காலடியில் இருந்த கல்லை மேட்டிலிருந்து கீழே உதைத்துத் தள்ளினாள்.

"சாமியாரக் கெஞ்சிக் கூத்தாடி அந்தப் புக்க நான்தானே எடுத்துக் கொடுத்தேன்," என்றாள். "எனக்குத் தெரியாம மூடி வெச்ச குழிய என்ன வெச்சே தோண்டினீங்களா அத்தை?"

"தப்பு பண்ணிட்டேன்மா."

"ஆயாவுக்குத் தெரியும். அப்பாவுக்குத் தெரியும். இங்கிலாந்துல யாரோ ஒரு கெழவிக்குத் தெரியும். கட்டிக்கப்போறவளுக்குத் தெரியாது." அழவில்லை. கோபத்தில் உதடு வெளுத்திருந்தது. பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள். முகத்தை இல்லை. கையை, காலை, மறுபடி கையை.

"அத்தை, நீங்க டெஸ்ட் எடுத்தீங்களா?"

"இப்ப பேச்சு உன்னப் பத்தி."

"எடுத்தீங்களா?"

வெயில் தாங்க முடியவில்லை, கிளம்பலாம் என்றேன். ஸ்கூட்டரில் ஏறும்போது அவள் என் இடுப்பைப் பிடித்து உட்கார வைத்தாள். வழி முழுக்க ஒரு கையால் என் கையைத் தன் வயிற்றோடு அழுத்திப் பிடித்துக்கொண்டே ஓட்டினாள்.

ஏப்ரல் 6, பெரிய வியாழன்

பிரிசில்லாவே ஜோயலிடம் சொல்லிவிட்டாள். மாலையில் அவன் வீட்டுக்கு வந்தான். நல்ல பையன். அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எனக்கு ஒன்றும் பிரச்சினையில்லை, எங்க அப்பா அம்மாவுக்கு மட்டும் தெரியவேண்டாம், கல்யாணம் நடக்கட்டும் என்றான். அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள்.

பிரிசில்லா கதவு நிலையில் நின்றாள். "எவ்ளோ நாளைக்கு ஜோ? எனக்குக் கை நடுங்குனா உங்க அம்மாகிட்ட இன்னா சொல்லுவ? குளிருதுன்னா?"

"அது அப்ப பாத்துக்கலாம்."

"எங்க ஆயாவும் அப்படித்தான் பாத்துகினாங்க. இந்த வீட்ல ஒருத்தரு ஒழுங்கா சாவல."

அவன் எழுந்துகொண்டான். உன் வீட்டில் சொல்லத் தைரியம் வந்தால் வா, வராவிட்டால் நான் தப்பாக நினைக்க மாட்டேன் என்று சொல்லி வாசல்வரை கொண்டுபோய் விட்டாள். அவளுக்கு இருபத்தைந்து வயது.

ஏப்ரல் 11, செவ்வாய்

ஈஸ்டர் போயிற்று. ஜோயலின் அம்மாவும் பெரியப்பாவும் வந்து நிச்சயப் புடவையைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். ஜோயல் வரவில்லை. தைரியம் வந்து சொல்லியிருக்கிறான், அதற்குமேல் வரவில்லை போலிருக்கிறது.

அம்மா என்னிடம் பேசுவதில்லை. சாப்பாட்டை மட்டும் தட்டில் போட்டு நகர்த்துகிறாள். நேற்று சுவரைப் பார்த்துச் சொன்னாள், "நான் என் புருஷன் பேரக் கெடுத்தேன். இப்ப பேத்தி வாழ்க்கய நீ கெடுத்த. ரெண்டு பேருக்கும் கணக்கு சரி."

பிரிசில்லா வழக்கம்போல விடியற்காலை ரயிலுக்குப் போய்விட்டாள்.

மே 3

எக்ஸிட்டர். பெனடிக்டிடம் நானே கேட்டேன், அந்தக் கைப்பிடி யாருக்கு என்று.

"உனக்கு," என்றார். "ஒன்றரை வருஷமா பாத்துட்டிருக்கேன் செசி. நீயா சொல்ற வரைக்கும் இருக்கலாம்னு."

டாக்டரிடம் நேரம் வாங்கிக் கொடுத்தார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஜூன் 9

ரத்தம் எடுத்தாயிற்று. பிரிசில்லாவுக்குச் செய்தி அனுப்பினேன். 'உங்களோடது தெரியட்டும். நான் இன்னும் முடிவு பண்ணல. பண்ணும்போது நீங்க பக்கத்துல இருக்கணும்' என்று எழுதினாள். அப்பாவின் கல்லறைக்கு அம்மா ஆள் வைத்துச் சுண்ணாம்பு அடிக்கச் சொல்லியிருக்கிறாளாம். அவளே கூடப் போய் நின்றாளாம்.

ஜூன் 23, வெள்ளி

எனக்கு இருக்கிறது.

டாக்டர் சின்னப் பெண், கண் கலங்கியிருந்தது. நான்தான் அவளுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். பெனடிக்ட் கார் நிறுத்துமிடத்தில் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். பின்னால் வந்த வண்டி ஹார்ன் அடிக்காமல் காத்திருந்தது.

முதலில் யாருக்குச் சொல்வது என்று கேட்டார். அண்ணனுக்கு என்றேன்.

வீடியோவில் பிரிசில்லா போனைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னேன். அண்ணன் முகம் இங்கும் அங்கும் போய்க்கொண்டிருந்தது, கண் மட்டும் என்னைவிட்டு நகரவில்லை. அவன் பேச ஆரம்பித்து நின்று, மறுபடி ஆரம்பித்தான். யாரும் அவனை அவசரப்படுத்தவில்லை.

"பயப்படாத, செசி," என்றான். "நான்… முன்னாடி போய்கினுதான இருக்கேன். எங்க எப்படி இருக்குதுன்னு… பாத்து… சொல்றேன்."

சரிண்ணா என்றேன்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் சொல்லவேண்டும்.